வெந்நீர் பட்ட பிளேட்

"மரத்துப் போச்சா, மேன்?"

டாக்டர் டெஸ்மண்ட் என்னை மட்டுமல்ல, மனைவியையும் வீட்டு நாயையும்கூட 'மேன்' என்றுதான் கூப்பிடுவார். ஊசி போட்டு ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. தலையாட்டினேன். என் உதடு வேறு யாருடையதோ போல் இருந்தது. பிடுங்கும்போது மண்டைக்குள் மொறுமொறுவென்று சத்தம் மட்டும் கேட்டது. பீங்கான் கிண்ணத்தில் பல் கிடந்தது. சொத்தை விழாத நல்ல பல்.

கெட்டது அதற்கு முன்னால் இருந்தது. வலது பக்கத்துக் கோரைப்பல் வரிசையில் இடமில்லாமல் ஈறின் மேலே முளைத்துவிட்டது. அதற்கு இடம் விடத்தான் இந்த நல்ல பல் போயிற்று. பத்து நாள் கழித்து ரோஸ் நிறத்தில் ஒரு பிளேட் செய்து கொடுத்தார். அது அண்ணத்தில் ஒட்டி உட்காரும். அதிலிருந்து வரும் கம்பி தெத்துப்பல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி இடத்துக்குத் தள்ளும். சாப்பிடும்போது மட்டும் கழற்றலாம். மூன்று வாரத்துக்கு ஒரு முறை குறடால் கம்பியை வளைத்து இறுக்குவார்.

அம்மா ரிச்சர்ட்ஸ் டவுனில் டாக்டர் வீட்டில்தான் பாத்திரம் தேய்த்துத் தரை துடைக்கிறாள். டாக்டரின் மனைவி மௌரீனம்மா சொன்னதால் எனக்கு எல்லாம் இலவசம்.

எட்டாம் வகுப்பில் நான் பாடம் வாசிக்க எழுந்தாலே பின் பெஞ்சு சிரிக்கும். வாயைக் கையால் மூடிக்கொண்டு வாசித்தேன். "கையை எடுத்துட்டு வாசி" என்றார் டீச்சர். மறுநாள் முதல் நான் போகவில்லை.

"பல்லு நேரா வந்துட்சின்னா ஜூன்ல திரும்ப ஸ்கூலுக்குப் போவியா? சத்தியம் பண்ணு" என்று அம்மா கையை நீட்டினாள். அடித்துக் கொடுத்தேன்.

பக்கத்து வீட்டுத் தனக்கோடி அக்கா அம்மாவை விடவில்லை. "தெத்துப்பல்லு அதிர்ஷ்டம்டி சரசு. ஓசில பண்றாங்கன்னு இருக்குற அதிர்ஷ்டத்தையும் தொலைச்சிக்கினு வரீங்களே!"

"அதிர்ஷ்டத்தை நீயே வெச்சிக்கோக்கா. எம்பொண்ணுக்குப் படிப்பு போதும்."

டாக்டர் குடும்பம் ஏப்ரலில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறுவதாக இருந்தது. அதற்குள் பல் இறங்கிவிட வேண்டும். டிசம்பரில் சின்ன ஸ்கேல் வைத்து அளந்து, "பாதி வந்துட்டான் மேன்" என்றார்.

போகிக்கு அம்மா வீடு முழுக்கக் கழுவினாள். நான் சோறு தின்ன உட்காரும்போது பிளேட்டை உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

"வாய்லருந்து எடுத்த எச்சிலை எங்க வெக்கிறதுன்னு இல்ல? நாளைக்குப் பொங்கலு!"

அவள் அதை ஒரு தட்டில் போட்டாள். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை ஒரு சொம்பு மொண்டு ஊற்றினாள். எச்சில் போக இன்னொரு சொம்பும் ஊற்றினாள். பிறகு முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். பார்க்க அப்படியேதான் இருந்தது. வாயில் போட்டபோது ஒரு பக்கம் ஒட்டாமல் தூக்கியது.

இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. நாக்கால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அண்ணத்தில் புண் வந்தது, ஆறியது. டாக்டர் பாஸ்போர்ட் வேலையாக அடிக்கடி மெட்ராஸ் போய்க்கொண்டிருந்ததில், கம்பி இறுக்கக் கூப்பிடவேயில்லை. அம்மா தினமும் ஒரு முறை என் உதட்டைத் தூக்கிப் பார்த்து, "வருது, வருது" என்றாள். பிளேட் ஆடுவது அவளுக்குத் தெரியாது.

மார்ச்சில் டாக்டர் கூப்பிட்டனுப்பினார். வீடெங்கும் மரப்பெட்டிகள். அம்மா வாசலோரம் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் பிளேட்டின் மேல் விரலை வைத்தார். அது ஊஞ்சல் போல் ஆடியது. கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"யார் இதை வெந்நீர்ல போட்டது?"

தரையில் துணி தேயும் சத்தம் நின்றது.

"நான்தான்" என்றேன். வாயைக் கையால் மூட மறந்துவிட்டேன்.

"வளைஞ்சி போச்சி மேன். ரெண்டு மாசமா கம்பி தள்ளவே இல்ல. பின்னால் பல் முன்னே வந்துட்டான், இடம் மூடிப் போச்சி. புதுசு பண்ணாலும் இன்னும் ஆறு மாசம் பார்க்கணும். நான் அடுத்த மாசம் இங்க இல்ல." பிளேட்டைக் கிண்ணத்தில் போட்டார். "ஏன் மேன் சொல்லல?"

அம்மா எழுந்து நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கிண்ணத்தைத்தான் பார்த்தாள்.

"சரசு, ஹால் இன்னும் பாக்கி இருக்கே" என்று உள்ளிருந்து மௌரீனம்மாவின் குரல் வந்தது.

அம்மா ஈரத்துணியைப் பிழிந்து பக்கெட்டின் விளிம்பில் போட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பாதி துடைத்த தரை மேலேயே நடந்து, பின்வாசல் கேட்டைத் திறந்து போய்விட்டாள்.