டீசல்தான்

தகப்பன் செய்யும் எந்த வேலையையும் அவரைவிடச் சுத்தமாகச் செய்வதற்கென்றே பிறந்தவன், மனிதகுல வரலாற்றில் நான் ஒருவன்தான். இதைத் தற்பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தகவலாக எடுத்துக்கொண்டால் போதும்.

அப்பாவிடம் ஒரு சின்ன லாரி இருக்கிறது. என்னைவிட நான்கு வயது மூத்தது. முறைப்படி எனக்கு அண்ணன். சலவைக்கூடத்தில் வெளுத்து, மடித்து, மூட்டை கட்டிய விரிப்புகளை நூற்றெண்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்குவது அவர்கள் இருவரின் வேலை. போன வாரம் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. ஒரு மாதம் வண்டி ஓட்டக் கூடாது, குனியக் கூடாது, தும்முவதைக்கூட யோசித்துத்தான் தும்ம வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு நாள் லோடு தவறினாலும் அந்த வேலையைப் பிடுங்கிக்கொள்ள, பந்தியில் சாப்பிடுகிறவன் முதுகுக்குப் பின்னால் நிற்பவனைப் போல ஒரு பெரிய கம்பெனி நின்றுகொண்டிருக்கிறது. லாரி இல்லையென்றால் அப்பாவுக்குச் செய்ய வேறு வேலை தெரியாது. பேச வேறு ஆளும் கிடையாது.

"நீங்க படுங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்றேன். கல்லூரி விடுமுறை. லைசென்ஸ் வாங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. ஏழு மாதத்தில் ஒருவன் கற்றுக்கொள்ளக்கூடியது அனைத்தையும் கற்றிருந்தேன்.

அப்பாவிடம் ஒரு பழக்கம் உண்டு. டாங்க் மூடியைத் திறப்பதற்கு முன் 'டீசல்' என்று இவர் சொல்ல வேண்டும், 'டீசல்தான்' என்று இன்னொருவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மூடி திறக்கும். இளவயதில் வேறொரு முதலாளியின் வண்டியில் யாரோ பெட்ரோலை ஊற்றி, அது தெரியாமல் இவர் ஓட்டி, இன்ஜின் போய், வேலையும் போனதாம். பங்கில் ஆள் நின்று ஊற்றிய காலம்வரை பிரச்சினை இல்லை. பிறகு நாமே ஊற்றிக்கொள்ளும் பங்குகள் வந்தன. திருப்பிச் சொல்ல ஆளில்லை. அப்பா அதற்கும் வழி கண்டுபிடித்தார். 'செல்போன் பேசாதீர்கள்' என்ற போர்டைத் தாண்டி ரோட்டோரம் போய் நின்று, வீட்டுக்கு போன் போடுவார்.

"டீசல் போடறேன்மா."

"டீசல்தான். பின்ன என்ன, பசும்பாலா?" என்பாள் அம்மா. அவ்வளவுதான் பேச்சு. இருவரும் வைத்துவிடுவார்கள்.

அம்மா இறந்த பிறகு அந்த போன் என் ஹாஸ்டல் அறைக்கு வர ஆரம்பித்தது.

அறையில் நாங்கள் நான்கு பேர். "டேய், உங்க டீசல் கூப்பிடுது" என்று போனை எடுத்துக் கொடுப்பார்கள். நான் ஸ்பீக்கரில் போடுவேன். அப்பா சொன்னதும் நான்கு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதைப் போல ராகம் போட்டு, "டீ...சல்...தான்!" என்று கத்துவோம். ஒருமுறை அப்பா, "நல்லா கலகலன்னு இருக்கீங்கப்பா" என்று சொல்லிவிட்டு வைத்தார். அன்று நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் குரல் எங்களுக்குப் பத்து நாள் பொழுதுபோக்கு. அதன் பிறகு அலுத்துவிட்டது. போனை எடுப்பதை நிறுத்தினேன். டீசலுக்குச் சாட்சி சொல்வதற்காகவா நான் பட்டம் படிக்கிறேன்?

இப்போது சம்பவத்துக்கு வருகிறேன்.

மூன்றாவது நடை. பாதி வழியில் டீசல் அளவு காட்டும் முள் கீழே இறங்கியது. பங்க் வந்தது. நான்காம் நம்பர் பம்ப். எங்கள் ஊர்ப் பங்கில் கறுப்புப் பிடிதான் டீசல். கறுப்புப் பிடியை எடுத்துச் செருகினேன். விசையை அழுத்தியதும் சட்டைப்பையில் போன் அடித்தது. அப்பா. வீட்டில் கண்ணுக்கு மூடி போட்டுப் படுத்திருப்பவர், முள் எந்த இடத்தில் இறங்கும் என்று கணக்குப் போட்டு அடிக்கிறார். பங்கில் போன் பேசக் கூடாது, போர்டு இருக்கிறது, நான் சட்டத்தை மதிப்பவன். இடது கையால் போனை எடுத்து, துண்டித்தேன்.

ஐம்பது லிட்டர் போனது. குழாயை எடுக்கும்போது சில சொட்டுகள் விரலில் விழுந்தன. ஜில்லென்றிருந்தது. வண்டியில் ஏறி, சாவியை எடுத்து, துவாரத்துக்குக் கொண்டுபோனேன். அப்போதுதான் பார்த்தேன், விரல் காய்ந்திருந்தது.

டீசல் காயாது. அது வீட்டுக்கு வந்த சொந்தக்காரனைப் போல. சோப்புப் போட்டாலும் இரண்டு நாள் தங்கிவிட்டுத்தான் போகும். அப்பா சாப்பிட்ட தட்டில்கூட அந்த வாசனை இருக்கும். சின்ன வயதிலிருந்து அந்தக் கையைப் பிடித்துத் தெருவைக் கடந்தவன் நான். விரலை முகர்ந்து பார்த்தேன். அந்த வாசனை இல்லை.

இறங்கிப் போய்க் கறுப்புப் பிடியைப் படித்தேன். பெட்ரோல். பக்கத்தில் மஞ்சள் பிடி, கொட்டை எழுத்தில் டீசல்.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். "சார், வண்டிய எடுங்க, பின்னாடி ஆள் நிக்கறாங்க."

"எடுக்க முடியாதுங்க. பெட்ரோல் போட்டுட்டேன்."

"எல்லாரும் அதுக்குத்தான் சார் வர்றாங்க."

"டீசல் வண்டிங்க."

அவள் என்னைப் பார்த்தாள். லாரியைப் பார்த்தாள். பிறகு மைக்கை இழுத்தாள். பங்க் முழுக்க ஒலித்தது: "நாலாம் நம்பர்ல டீசல் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுட்டாரு. யாராவது கொஞ்சம் தள்ளி விடுங்க."

ஆறு பேர் வந்தார்கள். ஆளுக்கொரு கை கொடுத்தார்கள். ஆளுக்கொரு வார்த்தையும் கொடுத்தார்கள்.

"கண்ணு தெரியலயா தம்பி?"

"எங்க மச்சானும் இப்படித்தான். இன்ஜின மாத்தினான்."

"விடுங்கப்பா, காலேஜ் பையன் மாதிரி இருக்கு. படிக்கத் தெரியாது."

மதிலோரம் வண்டியை நிறுத்திவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு போனார்கள். ஒரு நிமிடத்தில் ஒருவரும் இல்லை. பங்குக்கு வருகிற யாரும் பங்கில் இருப்பதில்லை என்பதை அன்றுதான் கவனித்தேன்.

மெக்கானிக்கின் நம்பரை அந்தப் பெண்தான் கொடுத்தாள். அவர் வர ஒன்றரை மணி நேரம் ஆகுமாம். ஆஸ்பத்திரியில் விரிப்பு அறையைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணிக்கு போன் செய்து, தாமதமாகும் என்றேன்.

"நாலு மணிக்கு ஸ்டோரப் பூட்டிடுவேன்பா. உங்கப்பா ஒரு நாளும் லேட் பண்ணதில்ல. நாளைக்கு ஆபரேஷனுக்குத் துணி வேணும். நீ வரலன்னா அந்தக் கம்பெனிக்காரங்களத்தான் கூப்பிடணும்."

வெயில் ஏறியது. பின்னால் நானூறு வெள்ளை விரிப்புகள் சோப்பு மணக்க அடுக்கியிருந்தன. அழுக்குக் கையோடு கதவைத் திறக்கவும் பயம். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். அப்பாவின் முதுகு தேய்த்துத் தேய்த்து அதில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. எனக்கு அது பெரிதாக இருந்தது. பேச யாராவது கிடைப்பார்களா என்று போனை எடுத்தேன். அறை நண்பர்களில் ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான், ஒருவன் சினிமாவில் இருந்தான், ஒருவன் எடுக்கவில்லை. எடுக்காதவர்கள் பட்டியலில் என் இடம் எனக்குத் தெரியும் என்பதால் கோபம் வரவில்லை.

வந்த அழைப்புகளைத் தள்ளிக்கொண்டே போனேன். அப்பா. அப்பா. அப்பா. இன்றையதை விட்டால், நான் எடுக்காதவை பத்தொன்பது. எல்லாம் இதே பத்தே முக்கால் மணி வாக்கில், இதே பங்கிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

பத்தொன்பது முறையும் நான் 'டீசல்தான்' என்று சொல்லவில்லை. பத்தொன்பது முறையும் அவர் டீசலைத்தான் போட்டிருக்கிறார். அப்படியென்றால் எதற்குக் கூப்பிட்டார் என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு யோசிப்பதை நிறுத்திவிட்டு, கண்ணாடியில் படிந்த தூசியைத் துடைத்தேன்.

மெக்கானிக் வந்ததும் முதல் கேள்வி: "சாவி போட்டியா?"

"இல்லண்ணே."

"திருகக்கூட இல்ல?"

"இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமாண்ணே."

"பாதி புத்திசாலிதான் நீ" என்று அடியில் படுத்தார். "பெட்ரோல்ல வழவழப்பு கிடையாது. ஸ்டார்ட் பண்ணியிருந்தா பம்ப் வெறுமனே உரசி உரசிச் செத்திருக்கும். பழைய வண்டி வேற. இதோட கதை முடிஞ்சிருக்கும்."

டாங்கின் அடியிலிருந்த திருகைக் கழற்றினார். பெட்ரோல் தகர டிரம்முக்குள் சலசலவென்று இறங்கியது. ஃபில்டரை மாற்றினார். கேனில் கொண்டுவந்த பத்து லிட்டர் டீசலை ஊற்றி, ஒரு சின்னக் கைப்பம்பைக் காட்டி, "அடி" என்றார். அடித்தேன். குழாய் வாயில் நுரை நுரையாக வந்தது. "காத்து போகணும். இன்னும் அடி." கை கடுத்தது. கடைசியில் நுரை நின்று, வழவழவென்று எண்ணெய் வந்தது. என் விரல் நனைந்தது. காயவில்லை.

"இப்பப் போடு."

சாவியைத் திருகினேன். லாரி அண்ணன் இரண்டு முறை இருமினான், ஒருமுறை கறுப்பாகத் தும்மினான், பிறகு தன் பழைய குரலில் பேச ஆரம்பித்தான். மெக்கானிக் தலையை ஆட்டினார்.

"பத்து லிட்டர்தான் இருக்கு. நேரா போய் நிரப்பிக்க. இந்தத் தடவ படிச்சுப் பாரு."

அவரும் போய்விட்டார். வண்டியை அதே நான்காம் நம்பர் பம்ப்புக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் மைக்கில் கை வைத்துத் தயாராக இருந்தாள். மஞ்சள் பிடியைப் படித்தேன். இன்னொரு முறை படித்தேன். மூடியில் கை வைத்தேன்.

திறக்க முடியவில்லை. மூடியில் எந்தக் கோளாறும் இல்லை.

போர்டைத் தாண்டி ரோட்டோரம் போய் நின்றேன். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார்.

"சொல்லுப்பா."

"அப்பா... டீசல் போடறேன்."



"இப்பத்தானா?"

"ஆமாப்பா."

மணி இரண்டு என்பது கண்ணை மூடியிருந்தாலும் அவருக்குத் தெரியும். ஆனால் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்கவில்லை.

"அந்த பங்க்ல கறுப்புப் பிடி பெட்ரோல்" என்றார். "சொல்லலாம்னுதான் காலைல அடிச்சேன்."

"தெரியும்பா."

"வண்டி ஓடுதா?"

"ஓடுதுப்பா. நாலு மணிக்குள்ள போயிடுவேன்."

"மஞ்சப் பிடியா?"

"மஞ்சப் பிடி. டீசல்னு எழுதியிருக்கு. ரெண்டு தடவ படிச்சேன்."

"ம்" என்றார். பிறகு, அம்மா சொல்லிவந்த அதே வேகத்தில், "டீசல்தான். பின்ன என்ன, பசும்பாலா?"

வழக்கமாக இந்த இடத்தில் வைத்துவிடுவார்கள். அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. போனைக் காதோடு வைத்துக்கொண்டு, போர்டுக்கு அந்தப் பக்கம் இன்னும் சற்று நேரம் நின்றேன்.