ஏழு தடவை கழுவிய டாங்கி

எங்கள் வேன்களின் புகையில் பன்றி இருக்கிறதாம். முதலில் யார் சொன்னதென்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் சாய்ந்தமருதில் இந்தக் கதை எட்டாத வீடு இல்லை. அன்று நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளில் முப்பத்தேழு பேர் வேனில் ஏறவில்லை. ஒரு தாய் தன் மகனின் மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு, எங்கள் வேன் சந்தி தாண்டும்வரை மதிலோரம் நின்றாளாம். அந்தப் பிள்ளை மூன்று வருடமாக அதே வேனில்தான் போய் வந்தது.

நான் சித்தி லைலா. பத்து வருடம் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் ரியூஷன் கொடுத்தவள். என் கணவர் சப்ரிக்கு ஆறு ஸ்கூல் வேன். அவற்றில் ஐந்து, நான் காய்ச்சும் எண்ணெயைக் கலந்து ஓடுகின்றன. ஆறாவது புது வேன். லீசிங் முடியும்வரை அதில் என் எண்ணெய் ஒரு சொட்டும் ஊற்றக்கூடாது என்பது சப்ரியின் சட்டம்.

2022இல் டீசலுக்கு வரிசையில் நின்றதைப் பலர் மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை. ஸலாஹுதீன் ஹாஜியாரின் பெற்றோல் செட்டுக்கு முன்னால் சப்ரி மூன்று நாள் வேனுக்குள்ளேயே கிடந்தார். நான் சோறு கொண்டுபோனேன். எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே ஹாஜியாரின் மருமகனுடைய லொறி பின்பக்கத்தால் வந்து நிரப்பிக்கொண்டு போனது. எங்களுக்கு 'டீசல் இல்லை' என்ற பலகை. வீட்டுக்கு வந்து கோபத்தில் சோறும் இறங்கவில்லை. அன்று பின்னேரமே பழைய உயர்தரப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினேன்.

வேலை பெரிய மந்திரமில்லை. ரொட்டிக் கடைகளிலும் ரோல்ஸ் பொரிக்கிற கடைகளிலும் கழிக்கிற எண்ணெயை வாங்கி, சூடாக்கி, வடித்து, மெதனோலும் கோஸ்டிக் சோடாவும் சேர்த்துக் கலக்கி வைக்க வேண்டும். கிளிசரின் அடியில் இறங்கிவிடும். மேலே நிற்பதைக் கழுவி ஈரம் போக உலர்த்தினால் டீசல் என்ஜினுக்குப் போகும். எண்பது லீற்றர் டீசலுக்கு என் எண்ணெய் இருபது. முதல் வருடம் எங்கள் வேன் மட்டும். இப்போது கல்முனையிலிருந்து நிந்தவூர் வரைக்கும் இருபத்துமூன்று வேன்கள். நோன்பு காலத்தில் எங்கள் வேன் போனால் பின்னால் ரோல்ஸ் வாசம் வருகிறது, நோன்பு முறியுமா என்று பள்ளிவாசல் வாசலில் பகிடி வேறு. அந்தப் பகிடிக்கு நானும் சிரித்தேன்.

ஹாஜியாருக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதம் நேரே நான் எண்ணெய் காய்ச்சும் வீட்டு வளவுக்கே வந்தார்.

"தங்கச்சி, இந்தப் பீப்பா சாமானெல்லாத்தையும் எனக்குத் தந்திருங்க. பொம்புளப் புள்ள செய்யுற வேலையா இது?"

"மூணு வருஷமாச் செய்யுறன் ஹாஜியார். இன்னமுமா அதில சந்தேகம்?"

தேத்தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து போனார். பத்து நாளில் பன்றிக் கதை வந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று அவர் சொல்வார். சொல்லட்டும்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையின் கடிதம் வந்தது. அசுத்தமான எண்ணெயில் ஓடும் வேன்களில் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம் என்று வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் அறிவிப்பார்களாம். சபையில் ஹாஜியாரும் ஒருவர். இறந்தவரின் மையித்தைக் கொண்டுபோகும் ஜனாஸா வாகனத்துக்கு வருடக்கணக்காக இலவசமாக டீசல் கொடுப்பவர். அங்கே அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அந்த அறிவித்தலை வாசித்தால் எங்கள் வேன்களும் நின்றுவிடும், என் பீப்பாக்களும் நின்றுவிடும்.

"நிப்பாட்டிருவம் லைலா" என்றார் சப்ரி. "ஹாஜியாரோட மோதி ஆர் வெண்ட?"

"நிப்பாட்டுறதெண்டா உங்கட வேன நிப்பாட்டுங்க. இது என்ட உம்மா எனக்குத் தந்த வளவு. இதுக்குள்ள இரிக்கிற பீப்பா ஒண்டும் அசையாது."

எங்கள் ஊரில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுப்போடு வந்து குடியேறுவார். அதைச் சொல்லிக் காட்டியது சரியில்லைதான். அவர் முகம் வாடியதைப் பார்த்ததும் எனக்கும் வலித்தது. ஆனால் சொன்ன சொல்லை நான் திருப்பி எடுக்கவில்லை.

வாயால் கத்தி என்ன பலன்? ஒவ்வொரு கடைப் பெயராகச் சரிபார்க்கத் தொடங்கினேன். எண்ணெய் சேர்ப்பவன் என் தம்பி றிபாத். முச்சக்கரவண்டியில் கேன்களை ஏற்றிக்கொண்டு வருவான். ஒவ்வொரு கேனிலும் கடையின் பெயரை எழுதவேண்டும் என்பது நான் போட்ட ஒழுங்கு. போன மாதம் காலியான கேன்களில் இரண்டில் பெயர் இல்லை.

"இது எங்கத்தய எண்ணெய்?"

றிபாத் தலையைச் சொறிந்தான். "அறுகம்பையில ஒரு ஹோட்டல் றாத்தா. வெள்ளைக்காரன் வாற இடம். நல்ல எண்ணெய், நிறமே மாறல்ல."

"அங்க என்ன பொரிக்கிற எண்டு கேட்டயா?"

"அங்கத்தய குசினிக்காரன் நம்மட ஊர் றாத்தா. நம்மட குடி. வாப்பாட பக்கத்து வீட்டுப் புள்ள. அவன்ட்டப் போய் நான் என்னண்டு கேக்கிற?"

எங்கள் ஆட்களுக்கென்றே இருக்கிற வியாதி இது. சமைக்கிறவன் நம் குடி, தாய்வழிச் சொந்தம் என்றால் சட்டியையும் நம் குடியில் சேர்த்துவிடுவோம். அந்தக் குசினிக்காரனுக்கு நானே போன் எடுத்தேன். "காலச் சாப்பாட்டுக்கு வெள்ளைக்காரனுக்குப் பன்றி பொரிக்கிறதுதான் றாத்தா. நான் வாயில வைக்கிறதில்ல. சட்டி ஒண்டுதான்" என்றான்.

போனை வைத்தேன். மூன்று வருடமாகத் தலை நிமிர்ந்து நடந்த ஊரில் எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த இரண்டு கேனும் போன மாதமே கலந்து எங்கள் ஐந்து வேனுக்கும் போய்விட்டன. மற்றவர்களின் வேன்களுக்குப் போகவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். ஹாஜியார் கண்ணை மூடிக்கொண்டு எறிந்த கல் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.

"ஒருத்தருக்கும் தெரியா" என்றார் சப்ரி மெதுவாக. "எரிஞ்சி போன எண்ணெய். சொல்லாம உடு."

"பொய்யெண்டு நெனச்சித்தான் சண்டைக்கு நிண்டன். இப்ப அது மெய். மெய்யெண்டு தெரிஞ்ச பிறகு வாய மூடிக்கிட்டிருந்தா ஹாஜியாருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

அவர் எழுந்து போய்க் கராஜ் மெக்கானிக் பாஸைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த மனிசனை நான் கட்டியது வீண்போகவில்லை என்று அப்போது நினைத்தேன்.

பன்றி பட்ட பாத்திரத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால். குர்ஆன் ஓதப் போகிற பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். புதன்கிழமை வேன்களை ஓட்டாமல் நிறுத்தி, நாள் முழுக்க என் வளவில் அதுதான் நடந்தது. பீப்பா, குழாய், புனல், ஐந்து வேன்களின் டாங்கிகள் எல்லாவற்றையும் கழற்றி, கழுவி, வெயிலில் கவிழ்த்தோம். கலவை எண்ணெய் முழுவதையும் குழி தோண்டி ஊற்றினேன். மதிலுக்கு மேலால் ஊரே எட்டிப் பார்த்தது. "என்ன லைலா, டாங்கிக்கும் குளிப்பாட்டுறயா?" என்று ஒருத்தி கேட்டாள். "ஓம், வாங்க, நீங்களும் ஒரு வாளி ஊத்துங்க" என்றேன். வந்து ஊற்றினாள்.

கழற்றும்போதே பாஸ் ஒரு விசயத்தைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு டாங்கியின் அடியிலும் ஒரு கோப்பைக்குக் குறையாமல் துருப்பிடித்த தண்ணீர். நான் பயந்துவிட்டேன். என் எண்ணெய் சரியாக உலரவில்லையோ? இந்த வருடம் வேனுக்கு வேன் டீசல் பம்ப் பழுதாகி வந்ததும் என் பிழைதானோ? பாஸ் ஆறாவது வேனின் டாங்கியைக் கழற்றினார். என் எண்ணெய் ஒரு சொட்டும் படாத வேன். அதன் அடியிலும் தண்ணீர்.

"இது செட்டுத் தண்ணி" என்றார். "மழைக்கு அங்கத்தய நிலத்தடி டாங்கிக்குள்ள இறங்குது. ஹாஜியாருக்கும் தெரியும்."

வியாழக்கிழமை காலை ஸஹீத் மரைக்காயரிடம் போனேன். எங்கள் குடிக்காகச் சபையில் இருப்பவர் அவர். அவரையும் கூட்டிக்கொண்டு ஹாஜியாரின் செட்டுக்குப் போய் ஒரு கண்ணாடிப் போத்தலில் டீசல் வாங்கினேன். பம்ப் அடிக்கிறவன் கையாலேயே ஊற்றினான். மரைக்காயர் மூடியைத் தன் கைக்குட்டையால் கட்டினார். பிறகு என் வீட்டில், ரொட்டிக் கடை எண்ணெயில் காய்ச்சித் தனியாக வைத்திருந்ததை இன்னொரு போத்தலில் நிரப்பி அதையும் கட்டினார்.

மதிய ளுஹர் தொழுகை முடிந்து சபை கூடியது. பெண்கள் போகிற இடமில்லை அது. நான் காரியாலய வாசலில் நின்றேன். கொண்டுவந்ததில் குலுங்கிப்போன இரண்டு போத்தலையும் ஜன்னல் கட்டில் வைத்தேன்.

"ஹாஜியார் சொன்னது உண்மை" என்று தொடங்கினேன். உள்ளே எல்லோரும் நிமிர்ந்தார்கள். குசினிக்காரன் கதையைச் சொன்னேன். இரண்டு கேன் என்று சொன்னேன். ஐந்து வேன் என்று சொன்னேன். ஏழு தடவை கழுவியதைச் சொன்னேன். இனி எந்த ஹோட்டலிலும் நானே போய்க் குசினியைப் பார்க்காமல் எண்ணெய் எடுப்பதில்லை என்றும் சொன்னேன்.

ஹாஜியார் சாய்ந்து உட்கார்ந்தார். "பாத்தீங்களா? நான் சொன்னா ஆர் நம்பின? நாளைக்கு அறிவிச்சிருவம்."

"அறிவிங்க" என்றேன். "ஆனா அஸருக்குப் பிறகு இந்த ஜன்னலப் பாத்துப்போட்டு எழுதுங்க."

பின்னேர அஸர் தொழுகை வரை ஒருவரும் போத்தலைத் தொடவில்லை. தொழுதுவிட்டு வெளியே வந்தவர்கள் எல்லாம் ஜன்னலோரம் கூடினார்கள். என் போத்தல் தேத்தண்ணீர் நிறத்தில் தெளிந்து நின்றது. ஹாஜியாரின் போத்தலில் ஒரு விரல் உயரத்துக்குக் கலங்கிய தண்ணீர்.

"இவள் ஊத்தின தண்ணி!" என்றார் ஹாஜியார்.

"கட்டினது என்ட கைலேஞ்சி" என்றார் ஸஹீத் மரைக்காயர்.

சபைச் செயலாளர் குறுக்கிட்டார். "சரி, ரெண்டு பக்கமும் பிழை இரிக்கி. அறிவித்தல உட்டுருவம் தங்கச்சி. ஊருக்குள்ள ஏன் பிரச்சினை?"

"உட ஏலா" என்றேன். "வாசிங்க. என்ட பேரச் சொல்லி, பன்றி பட்ட எண்ணெய் ரெண்டு கேன் எண்டு வாசிங்க. கழுவினதையும் வாசிங்க. பிறகு ஹாஜியார்ர பேரச் சொல்லி, அந்தத் தண்ணியையும் வாசிங்க. என்ட பிழைய நான் வந்து சொன்ன. அவர்ர பிழைய மூடுறத்துக்கா நான் சொன்ன?"

வெள்ளிக்கிழமை என் வளவில் நின்று ஒலிபெருக்கியில் கேட்டேன். என் பெயரை வாசித்தபோது காது சுட்டது. இரண்டாவது பெயரும் வந்தது. அடுத்த நாள் பெற்றோல் செட்டில் 'டாங்கி துப்புரவு வேலை, இரண்டு நாள் மூடப்படும்' என்று பலகை தொங்கியது.

திங்கட்கிழமை வேன்களில் தொண்ணூற்றொரு பிள்ளைகள் ஏறினார்கள். மூக்கைப் பொத்திய தாய் தன் மகனை அனுப்பவில்லை. அவள் இஷ்டம்.

பிள்ளைகளை இறக்கிவிட்டு வேன்கள் திரும்பும் நேரத்தில் பள்ளிவாசலின் ஜனாஸா வாகனம் வந்து என் கேற்றடியில் நின்றது. சாரதி இறங்கி, கூச்சத்தோடு வெறும் கேனை நீட்டினார்.

"மரைக்காயர் அனுப்பின தங்கச்சி. இருவது லீற்றர் கலந்து அடிக்கட்டாம்."

கேனை நான் வாங்கவில்லை.

"முதல்ல டாங்கியக் கழட்டுங்க" என்றேன். "ஹாஜியார்ர தண்ணி கிடக்கும். அதுக்கு மேல என்ட எண்ணெய ஊத்த மாட்டன்."