நூற்றறுபதுக்கு நூற்றிருபது

மானிட்டரை நெஞ்சோடு அணைத்துத் தூக்கியபோது வரலட்சுமிக்கு வலது மணிக்கட்டு சுருக்கென்றது. காட்டிக்கொள்ளாமல் நடந்தாள்.

"ஏனுங்க அம்மணி, உடுங்க, நானு எடுத்துக்கறனுங்க," என்று பக்கத்து வீட்டு அங்கப்பன் கை நீட்டினார். கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. மேசையையும் மற்ற பெட்டிகளையும் அவர் ஏற்கெனவே பின்னறைக்குக் கொண்டுபோய்விட்டார். ஹாலில் தெற்கே தலை வைத்துக் கிடத்தத் தோதான ஒரே இடத்தில்தான் அந்தக் கம்ப்யூட்டர் இத்தனை நாளும் நின்றுகொண்டிருந்தது. இப்போது அந்த இடம் நாயனாவுக்கு வேண்டியிருந்தது.

நாயனா என்றால் அப்பா. பீளமேட்டில் மூன்று தலைமுறையாக இருக்கும் தெலுங்குக் குடும்பம். தெலுங்கில் மிஞ்சியிருப்பது நாலைந்து உறவுச் சொற்களும் கோபம் வந்தால் திட்டுவதற்கான சில சொற்களும்தான். கோவிந்தராஜுலு மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விடியற்காலையில் காபியை ஆற்றி வைத்துவிட்டு வரலட்சுமி அவரைக் கூப்பிட்டாள். இரண்டாம் முறை கூப்பிடும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் காபி அடுப்பு மேடையில் ஆடை கட்டி இன்னும் அப்படியே இருந்தது. அதை எடுத்துக் கொட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வந்தவர்கள் எல்லோரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அமெரிக்காக்காரனுக்குச் சொல்லியாயிற்றா? சொல்லியாயிற்று. வருவானா? தெரியாது. அதோடு கையை விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்கள். கல்யாணம் காட்சி இல்லாமல், நோயாளி அம்மாவுக்குப் பிறகு அப்பாவையும் பார்த்துக்கொண்டு கூடவே இருந்தவளிடம் கேட்க வேறென்ன இருக்கிறது?

வெயில் ஏறும் நேரத்தில் தம்பி பாலகோபால் நியூ ஜெர்சியிலிருந்து போன் செய்தான். எந்த விமானத்தைப் பிடித்தாலும் நாளை மறுநாள்தான் வந்து சேர முடியும் என்றான். சித்திரை வெயிலில் அதுவரை வைத்திருக்க முடியாது, பொழுது இறங்குவதற்குள் எடுத்துவிட வேண்டும், கொள்ளியை நானே வைத்துவிடுகிறேன் என்று நாயனாவின் தம்பி நரசிம்மலு சின்னாயனா முடிவாகச் சொல்லிவிட்டார். பாலு மறுத்துப் பேசவில்லை. காரியத்துக்காவது வந்துவிடு என்றாள் வரலட்சுமி.

"அவரு சொன்னது உனக்குத் தெரியுமில்லக்கா? எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வாரது?"

தெரியும். தீபாவளியன்று போனில் நடந்தது அது. அங்கேயே வீடு வாங்கிவிட்டேன், இனித் திரும்பி வருவதாக இல்லை என்று பாலு சொன்னான். என் சாவுக்குக்கூட வந்துவிடாதே என்று சொல்லிவிட்டு நாயனா ரிசீவரை வைத்தார். அதன் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. கோபத்தில் சொல்லுகிறவர்கள் அது பலிக்கும் என்று நினைத்தா சொல்லுகிறார்கள்? பலித்துவிட்டது.

சின்னாயனா அவளிடமிருந்து போனை வாங்கினார்.

"கண்ணு, உங்கொப்பன் அந்தப் பொட்டி முன்னாடி ஒக்காந்து உனக்கு என்னமோ பேசி வெச்சிருக்கறேன்னு ஒருக்கா சொன்னாரு. எப்பன்னு எனக்கு நெனப்பில்ல. நானும் என்ன ஏதுன்னு கேக்காம உட்டுப்போட்டேன்."

போன் மறுபடி வரலட்சுமியின் கைக்கு வந்தபோது பாலுவின் குரல் மாறியிருந்தது. அவனுக்கு ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும். அதை நாயனா எப்போது பேசினார்? தீபாவளிக்கு முன்னாலா, பின்னாலா?

"பின்னாலன்னா நான் வந்தர்றேன்க்கா. முன்னாலன்னா, அவரு கடைசியா சொன்னது அதுதான். பாத்துச் சொல்லு. சாயங்காலம் கூப்படறேன்."

போன ஆடியில் வந்திருந்தபோது கம்ப்யூட்டரைப் பழைய விலைக்கு வாங்கி வைத்தவன் பாலுதான். எலுமிச்சம்பழ அளவில் உருண்டையாக ஒரு கேமராவை அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து அதில் மாட்டினான். நாயனா முன்னால் உட்கார்ந்து பேச வேண்டியது, வரலட்சுமி அதைப் பதிந்து ஃபிளாப்பியில் ஏற்றித் தபாலில் அனுப்ப வேண்டியது. அவள் பம்ப் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவள், ஆபீஸில் கம்ப்யூட்டர் பழக்கம் உண்டு. ஒரு ஃபிளாப்பியில் அரை நிமிடப் படத்துக்கு மேல் அடங்காது. அதற்காகவே பாலு ஒரு குட்டி புரோகிராம் எழுதி வைத்துவிட்டுப் போனான். கறுப்புத் திரையில் அதன் பெயரையும் படத்தின் பெயரையும் தட்டினால் போதும், படத்தைத் திறக்காமலே அதன் அகலம், உயரம், நீளம், ஒலி உண்டா இல்லையா என்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிடும். நாயனாவுக்கு அரை நிமிடமே அதிகம். "நல்லாருக்கறோம், ஒடம்பப் பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு மிச்ச நேரம் கேமராவை முறைத்துக்கொண்டிருப்பார். அப்படி இரண்டு ஃபிளாப்பி போனது. பிறகு தீபாவளி வந்தது.

நாயனாவை எடுத்துப் போனார்கள். தெருமுனை வரை போன பெண்கள் திரும்பி வந்து வீட்டைக் கழுவிவிட்டார்கள். அவர் கிடந்த இடத்தில் சின்னாயனா வீட்டுச் சித்தி ஒரு விளக்கை ஏற்றி வைத்தாள். தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்த வரலட்சுமி ஈரத்தலையோடு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒயர்களை ஒவ்வொன்றாகச் சொருகினாள். மேசை டிராயரில் மைக் கிடந்தது. கடைசியாக அவள் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு வைத்தது, அப்படியே இருந்தது.

அவளைக் கூப்பிடாமல், தானே உட்கார்ந்து, தானே பதிந்திருக்கிறார். மைக்கைச் சொருக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. உள்ளே ஒரு ஃபிளாப்பி இருந்தது. அதை வெளியே எடுத்த பிறகுதான் உயிர் வந்தது. வழக்கம்போலத் தேதி கேட்டது. உள்ளே இருக்கும் கடிகார பேட்டரி வாங்கும்போதே செத்துப்போனது. அதனால் எப்போது போட்டாலும் அது 1980 ஜனவரி ஒன்று என்றுதான் நினைத்துக்கொள்ளும். சரியான தேதியை அடிக்கச் சொல்லி நாயனாவுக்கு எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அவர் ஒருநாளும் அடித்ததில்லை. அவளும் இப்போது வெறுமனே என்டரைத் தட்டினாள்.

கேமராவின் கோப்புகள் இருக்கும் இடத்துக்குப் போய்ப் பட்டியல் கேட்டாள். ஒரே ஒரு படம்தான் இருந்தது. அதன் தேதி 01-01-80. அதற்கு வேறென்ன தெரியும்? 1980 ஜனவரியில் அம்மா பங்காரம்மா நடமாடிக்கொண்டிருந்தாள், வரலட்சுமி கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள், பாலு அரைக்கால் டிரவுசரோடு பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தான். அன்று எடுத்த படம் என்று சத்தியம் செய்தது கம்ப்யூட்டர்.

பாலுவின் புரோகிராமை ஓடவிட்டாள். வெள்ளை எழுத்தில் வரிகள் வந்து விழுந்தன. அகலம் 160. உயரம் 120. நிறம் இல்லை. ஒலி இல்லை. நீளம், ஏறக்குறைய நான்கு நிமிடம்.

நான்கு நிமிடம் என்பதை அவள் மறுபடியும் படித்தாள். ஃபிளாப்பியைச் சொருகிப் பார்த்தாள், காலியாக இருந்தது. ஏற்றப் பார்த்திருக்கிறார், அடங்கவில்லை. எப்படி அனுப்புவது என்று அவளைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

விண்டோஸைத் திறந்து படத்தை ஓடவிட்டாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சாம்பல் நிறச் செவ்வகத்தில் நாயனா வந்து உட்கார்ந்தார். பேசினார். வாய் அசைந்தது, கை அசைந்தது, ஒருமுறை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இந்த வீட்டில் அவளிடம் இரண்டு வாக்கியம் சேர்த்துப் பேசாத மனிதர் விடாமல் பேசிக்கொண்டே இருந்தார். ஒரு சத்தமும் இல்லை. ஹாலில் யாரோ டம்ளர் கழுவும் ஓசைதான் கேட்டது.

அவர் தலைக்குப் பின்னால் சுவரில் நாட்காட்டி தொங்கியது. தினமும் காலையில் தாள் கிழிப்பவர் அவர், ஒருநாள் தவறியதில்லை. வரலட்சுமி அவசரமாகப் படத்தைப் பெரிதாக்கினாள். நாயனா கலைந்து கட்டம் கட்டமானார். நாட்காட்டி மூன்று வெள்ளைக் கட்டம், இரண்டு கறுப்புக் கட்டம். இன்னும் பெரிதாக்கினாள். அதே மூன்று வெள்ளை, அதே இரண்டு கறுப்பு, கட்டங்கள்தான் வளர்ந்தன. இல்லாததைப் பெரிதாக்கி என்ன பயன்? மறுபடி சிறிதாக்கினாள்.

பாதிக்கு மேல் ஓடியிருக்கும். நாயனாவுக்குப் பின்னால் சமையலறை வாசலில் ஒருத்தி வந்தாள். இடது கையில் சொம்பு. வலது கை பளீரென்று வெள்ளையாகக் கழுத்திலிருந்து தொங்கியது. அது தான்தான் என்று புரிய வரலட்சுமிக்குச் சற்று நேரம் பிடித்தது.

அந்தக் கட்டு அவளுக்கு மறக்குமா? தை அமாவாசைக்கு மறுநாள் காந்திபுரத்தில் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்தாள். மாசி முடியும் வரை மாவுக்கட்டோடு இருந்தாள். அத்தனை நாளும் நாயனாதான் சமைத்தார். உப்பு போட மறந்து ரசம் வைப்பார், அவளும் சொல்லாமல் குடிப்பாள். பாலு இடையில் இரண்டு முறை அவளுடைய ஆபீஸுக்குப் போன் செய்தான். நாயனா என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டான். கையைப் பற்றிச் சொல்ல அவளுக்கு இடம் கிடைக்கவில்லை.

ஆக, பின்னால்தான். சந்தேகமே இல்லை.

திரையில் அவள் ஹாலைக் குறுக்கே கடந்து போனாள். அன்று அவர் பக்கம் திரும்பிப் பார்த்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. அவள் வந்ததும் நாயனா பேச்சை நிறுத்தினார். தலையைத் திருப்பினார். அவள் மறுபக்கம் போய் மறையும் வரை திரும்பியபடியே இருந்தார். அவள் போன பிறகும் சற்று நேரம் அப்படியே இருந்தார். பிறகு கேமராவைப் பார்த்துத் தொடர்ந்தார்.

வரலட்சுமிக்கு நெஞ்சு எரிந்தது. தன் காதில் விழக்கூடாது என்றுதானே நிறுத்தினார்? வாங்கிப் போட்ட வீட்டுக்காக அப்பனை வேண்டாம் என்றவனுக்கு நான்கு நிமிடம். ஒற்றைக் கையால் சொம்பு தூக்கிக்கொண்டு போகிறவளுக்கு ஒரு சொல் இல்லை. ஒன்றும் தெரியவில்லை பாலு என்று சொல்லிவிட்டால் என்ன? தேதி இல்லை, ஒலி இல்லை, நாட்காட்டி தெரியவில்லை. எல்லாமே உண்மை. கட்டைப் பற்றி அவள் வாய் திறக்காத வரை அவனுக்குத் தெரியப்போவதில்லை.

மயானத்துக்குப் போனவர்கள் திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

பாலுவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். தேதி உதவாது. ஒலி இல்லை. பின்னால் நாட்காட்டி இருக்கிறது, எண் தெரியவில்லை.

"எவ்வளவுக்கு எவ்வளவுக்கா இருக்குது?"

"நூத்தறுவதுக்கு நூத்திருவது."

"நாந்தான் அப்படி வெச்சேன்," என்றான் பாலு. "ஃபிளாப்பில அடங்கோணும்னு நாந்தான் சின்னதா வெச்சுட்டு வந்தேன்." அழுதுவிட்டான். சின்ன வயதில் சிலேட்டை உடைத்துவிட்டு வந்து நின்று அழுவானே, அதே அழுகை. வரலட்சுமி ரிசீவரை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"பாலு, பின்னாடி நான் நடந்து போறேன். எங்கைல கட்டு இருக்குது."

"கட்டா?"

"மாவுக்கட்டு. தை அமாவாசைக்கு அடுத்த நாள் போட்டாங்க. மாசி கடைசில பிரிச்சாங்க."

அவன் கணக்குப் போடுவது அவளுக்குக் கேட்காமலே கேட்டது.

"தைன்னா, தீவாளி போயி எத்தனையோ நாளாச்சு. அப்ப பின்னாலதான்க்கா. பின்னாலதான் எங்கிட்டப் பேசியிருக்காரு."

"ஆமா."

இன்றைக்கே டிக்கெட் போட்டுவிடுகிறேன், காரியத்துக்கு முன்னால் வந்துவிடுவேன் என்றான். சின்னாயனாவிடம் சொல்லிவிடச் சொன்னான். அந்தக் கோப்பை இன்னொரு நகல் எடுத்து வைக்கச் சொன்னான். "அழிஞ்சுபோச்சுன்னா அப்பறம் ஒண்ணுமே இல்லக்கா. பத்தரம்."

சரி என்றாள். இன்னும் ஏதோ கேட்கப்போகிறான் என்று காத்திருந்தாள். வைத்துவிட்டான்.

பாலு வருகிறான் என்று கேட்டதும் ஹாலில் எல்லோர் முகத்திலும் தெம்பு வந்துவிட்டது. சின்னாயனா விளக்கைப் பார்த்துக் கும்பிட்டார். அங்கப்பன் வீட்டிலிருந்து சோறு வந்திருந்தது. நீயும் வந்து ஒரு வாய் சாப்பிடு என்று சித்தி கூப்பிட்டாள். இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரலட்சுமி பின்னறைக்குப் போனாள்.

படத்தை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தாள். கட்டுப் போட்ட கையோடு அவள் வந்தாள், நாயனா பேச்சை நிறுத்தித் திரும்பினார். அங்கே படத்தை நிறுத்தினாள். அவள் போய்த் தொலையட்டும் என்று பார்க்கிறாரா, கட்டைப் பார்க்கிறாரா? முகத்தில் ஏதாவது தெரியும். கண்ணில் தெரியும்.

பெரிதாக்கினாள். கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம் இருந்தது. இன்னும் பெரிதாக்கினாள். கறுப்புக் கட்டம் பெரிதானது. சிறிதாக்கினாள், மறுபடி பெரிதாக்கினாள். சாப்பாடு ஆறுகிறது என்று ஹாலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவள் நாற்காலியைத் திரைக்கு இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.