மழைக்கு அடித்த மணி

ஜன்னல் கதவு அடைய மாட்டேன் என்றது. இன்பராணி தோளைக் கொடுத்து முட்டிச் சாத்தி, சந்தில் ஒரு பழைய துணியைத் திணித்தாள். அப்படியும் மண்வாசம் உள்ளே வந்துவிட்டது. பரளச்சிப் பக்கம் எங்கோ பெய்கிறது.

கட்டிலில் புருஷன் அமிர்தராஜுக்கு நெஞ்சு கரகரவென்று இழுத்துக்கொண்டிருந்தது. "இனிமே வீட்டுல வச்சுப் பாத்துக்கோங்கம்மா" என்று அருப்புக்கோட்டை டாக்டர் அனுப்பிவைத்து மூன்று நாளாகிறது.

பக்கத்து வீட்டு மூக்கம்மாள் வெளியே நின்று கூவினாள். "யக்கோவ்! கிழக்க வந்து பாருங்க, என்னமாக் கருத்துக் கெடக்கு! இன்னைக்கு ஊத்து ஊத்துன்னு ஊத்திரும்!"

இரண்டு வருஷமாக வானத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்த ஊர். புருஷன் புழுதியில் போட்ட பருத்தி விதை இருபது நாளாக மண்ணுக்குள் கிடக்கிறது. இந்த வாரமும் மழை விழாவிட்டால் எறும்பு தின்றது போக மிச்சமும் வெந்துபோகும். ஊரே மழைக்கு ஏங்க, இன்பராணி ஒருத்தி மட்டும், "வேணாம் ஆண்டவரே, இன்னைக்கு வேணாம்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் வாயால் வந்த வினை. போன வெள்ளிக்கிழமை கோயிலில் மழைக்காக உபவாச ஜெபம். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து சத்தமாக ஜெபிப்பார்கள். பசி மயக்கமோ, தனக்கு முன்னால் ஜெபித்தவளைவிட ஒரு படி மேலே போகவேண்டும் என்ற வீம்போ, இவள் முறை வந்தபோது பேச்சு கட்டுமீறிப் போய்விட்டது. "எங்க வீட்டுல இருந்து எத வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க ஆண்டவரே, இந்தக் கரிசல மட்டும் நனச்சிருங்க!" கோயில் மொத்தமும் "ஆமென்" என்று அதிர்ந்தது. சொன்னவளுக்கே அப்போது புல்லரித்தது. பாவி மகள், ஓர் ஆட்டுக்குட்டியைச் சொல்லியிருக்கக்கூடாதா? மறுநாள் காலையில் வரப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் அமிர்தராஜ்.

ஆண்டவர் அப்படிப்பட்டவரில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? முதல் இடி உருண்டபோது ஜன்னல் சந்துத் துணியை இன்னும் இறுக்கித் திணித்தாள்.

"இன்பம்... ஜன்னலத் தெற."

"குளுந்த காத்துங்க. ஒங்களுக்கு ஆகாது."

"எனக்கு இனிமே எதுடீ ஆகும்? வெத போட்டவன் மழையப் பாக்க வேணாமா?"

அவள் கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தான் கோயிலில் எழுந்து நின்று கேட்டதை ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள்.

அமிர்தராஜ் கண்ணை மூடிக் கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று அவள் பதறியபோது அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்புத்தான்.

"முப்பது வருஷமா எங்கிட்டச் சீல கேட்டு, ஒரு தடவையாச்சும் ஒடனே கெடச்சிருக்கா ஒனக்கு? ஆண்டவரு மட்டும் கேட்ட ஒடனே குடுத்துருவாராக்கும்." மூச்சு வாங்கியது. "ஆமென் சொன்னது மொத்த ஊரும். பழின்னா எல்லாருக்குந்தான் பங்கு."

"வெளையாடாதீக. எனக்கு ஈரக்கொல நடுங்குது."

"பயப்படாத. தெற."

பயம் போகவில்லை. ஆனாலும் எழுந்து துணியைப் பிடுங்கினாள். கதவு தானே அடித்துத் திறந்துகொண்டது. கண்ணுக்கு எட்டிய மட்டும் கரிசல் வெடித்துக் கிடந்தது. கொழுத்த துளிகள் அதன்மேல் விழ விழப் புழுதி எழும்பி அடங்கியது. பிறகு ஒரேயடியாகக் கொட்டியது.

சாரல் அவர் முகத்தில் அடித்தது. வாயைத் திறந்து அதை வாங்கிக்கொண்டார்.

"இந்த ஈரம் போதும்," என்றார். "மொளச்சிரும்."

அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். துடைத்து முடித்தபோது நெஞ்சின் இழுப்பு நின்றிருந்தது. மழைச் சத்தத்தில் அது எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்நேரம் கோயில் மணி கடகடவென்று அடித்தது. பண்டிகைக்கு அப்படித்தான் அடிப்பார்கள். சாவுக்கென்றால் விட்டு விட்டு ஒற்றை மணி. தெருவில் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடினார்கள்.

அவருடைய கண்களைக் கையால் மூடிவிட்டு, நனைந்துகொண்டே அவள் கோயிலுக்கு நடந்தாள். அடிக்கு அடி கரிசல் காலில் அப்பிக் கனத்தது. கோயிலைக் கவனிக்கும் சாம்ராஜ் உபதேசியார் தொப்பலாக நனைந்து மணிக்கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"கேட்டுட்டாரு பாத்தீகளா! ஒங்க ஜெபந்தாம்மா! ஒங்க ஜெபந்தான்!"

இன்பராணி தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். உபதேசியார் அவள் முகத்தைப் பார்த்தார். கயிறு அவர் கையில் தளர்ந்தது.

"நிறுத்திராதீகய்யா," என்றாள். "அவுக மழையப் பாத்துட்டுத்தான் போயிருக்காக. இன்னுங் கொஞ்சம் இப்பிடியே அடிங்க. ஒத்த மணி பெறகு அடிக்கலாம்."

உபதேசியார் கயிற்றை இழுத்தார். மணி முன்போலவே கடகடத்தது. அவள் படியில் உட்கார்ந்து, காலில் அப்பியிருந்த கரிசலை விரலால் வழித்து, கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.