மேனேஜருக்கு ஒரு பெட்டி

வாசல் பூட்டில் ஏதோ கரகரவென்று சத்தம் வருகிறது என்று மெக்கானிக் அதைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் அவர் மனைவி வீட்டை விட்டுப் போனார். கதவில் பூட்டே இல்லாததால் போவதில் சிரமம் ஒன்றும் இருக்கவில்லை.

முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவர் கழற்றாத பொருள் அந்த வீட்டில் இல்லை. வாஷிங் மெஷின் பழுது பார்ப்பது தொழில். ஊரார் மெஷினைக் கழற்றினால் ஒழுங்காகத் திரும்ப மூடுவார். சொந்தக்காரர் பக்கத்திலேயே நிற்பாரே. சொந்த வீட்டில் அந்த நிர்ப்பந்தம் இல்லை. மின்விசிறி நான்கு வருடமாக மேசைமேல் மல்லாந்து கிடந்தது. சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் மட்டும் மிச்சமிருந்தது. மணி என்ன என்று அது சொல்லாது. எந்த மணியானாலும் எத்தனை நிமிடம் ஆகிவிட்டது என்று மட்டும் சொல்லும். அந்த அம்மாள் சண்டை போடவில்லை. ஒரு பையில் துணி எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். மீனை மட்டும் கொண்டுபோக முடியவில்லை. அக்கா வீட்டில் பூனை.

மீன் ஆஸ்கர் வகை. நான்கடித் தொட்டியில் தனிக் குடித்தனம், பதினோரு வயது. கீழ்த்தாடையை நீட்டிக்கொண்டு, வருகிறவர்களை மேலும் கீழும் பார்க்கும். அதனால் பெயர் மேனேஜர். பிடிக்காத விருந்தாளி வந்தால் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளும் என்பதை நம்பாதவர்கள் உண்டு. அவர்களுக்கும் அது முதுகைக் காட்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அந்த அம்மாளிடமிருந்து போன் வரும். மூன்றே கேள்விகள். தண்ணீர் எவ்வளவு சூடு, காற்றுக் குமிழி வருகிறதா, சாப்பிட்டதா. மெக்கானிக் ஒவ்வொன்றுக்கும் இழுத்து இழுத்துப் பதில் சொன்னாலும் நாலு நிமிடத்துக்கு மேல் தேறாது. வேறு பேச்சை எடுத்தால் "சரி, வைக்கிறேன்" என்று வைத்துவிடுவார். நாமே கூப்பிட்டால் என்ன என்று அவரும் கூப்பிட்டுப் பார்த்தார். அக்காதான் எடுப்பார், அவள் குளிக்கிறாள் என்பார். இரண்டு மாதத்தில் அந்த அம்மாள் குளித்த குளியலுக்கு ஒரு ஏரி வற்றியிருக்க வேண்டும். ஆகவே மெக்கானிக்குக் கிடைத்தது வாரத்தில் நாலு நிமிடம். போனில் முகம் தெரியாது என்று தெரிந்தும் பத்தரைக்கே சவரம் செய்து உட்கார்ந்துவிடுவார்.

ஒரு வாரம் அவர் வெளி வேலையில் இருந்தபோது தொட்டி ஹீட்டர் கெட்டு, தண்ணீர் இருபது டிகிரிக்கு இறங்கி, மேனேஜர் ஒருக்களித்துப் படுத்துவிட்டது. வெந்நீர் கலந்த பிறகுதான் நிமிர்ந்தது. மெக்கானிக் பொய் சொல்லத் தெரியாத மனிதர். ஞாயிறன்று அப்படியே ஒப்பித்தார்.

"உங்களால பாத்துக்க முடியலைன்னா சொல்லிடுங்க. தம்பிகிட்ட சொல்லி வேற யாருக்காவது குடுத்துடலாம்."

மீன் போனால் ஞாயிற்றுக்கிழமையும் போகும். அன்றைக்கே, தொட்டியைத் தானே கவனித்துக்கொள்ளும் பெட்டி ஒன்று செய்வது என்று மெக்கானிக் முடிவு கட்டினார். தொடங்கி, முடித்து, நாலு திருகும் போட்டு மூடிய ஒரு பொருளை அந்த அம்மாள் பார்த்தால் திரும்பி வந்தாலும் வருவார் என்று ஒரு நப்பாசையும் இருந்தது.

முதல் பெட்டிக்குக் கையில் இருந்த சாமானை வைத்தே வேலை பார்த்தார். வாஷிங் மெஷின் டைமர். ஒரு மணி நேரம் நன்றாக ஓடியது. பிறகு டைமருக்குத் தன் பழைய உத்தியோகம் ஞாபகம் வந்து, தண்ணீரை வெளியேற்றி, புதுத் தண்ணீர் பிடித்து, இரண்டு முறை அலசியது. துவைத்துப் பிழிகிற கட்டத்துக்கு வருவதற்குள் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். மேனேஜர் அன்றைக்கு இருந்த பளபளப்பில் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. மூன்று நாள் அவர் பக்கமே திரும்பவில்லை.

மனைவியின் தம்பி, பேருந்து ஓட்டுகிறவர், வந்து பார்த்துவிட்டு, "மாமா, அடுத்து இஸ்திரி போடுற வசதியும் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டாவது பெட்டியை மெக்கானிக் முறைப்படி செய்தார். உதிரி பாகக் கடைக்காரரிடம் போய், மூளை வைத்த சின்ன போர்டு ஒன்று, சுவிட்சுகளைத் தானே போட்டு அணைக்கிற ரிலே மூன்று, தண்ணீருக்குள் விடுகிற வெப்ப சென்சார் ஒன்று வாங்கினார். ஒவ்வொரு இணைப்புக்கும் ஈயம் வைத்தார். ஈரம் ஒயரில் வழிந்து பெட்டிக்குள் போகாதபடி ஒவ்வொரு ஒயரையும் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினார். மைக்ரோவேவில் தட்டைச் சுற்றுகிற மோட்டாரில் மாத்திரை டப்பாவைக் கட்டித் துளை போட்டார்; ஒரு சுற்றுக்கு ஏழு தீனி உருண்டை விழும். கடையில் விற்கிற ஹீட்டர்மேல் நம்பிக்கை போய்விட்டதால் வாஷிங் மெஷினின் ஹீட்டரையே தொட்டியில் இறக்கினார். ஒரு குடும்பத்துப் படுக்கை விரிப்பையெல்லாம் வேகவைக்கிற ஹீட்டர். ஆனால் சென்சார் காவல் இருக்கிறதே. இருபத்தாறு டிகிரி ஆனதும் ரிலே டக்கென்று அணைத்துவிடும்.

கடைக்காரர்தான் கடைசியில், சிம் கார்டு போட்டால் தானாகச் செய்தி அனுப்பும், இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சார் என்று ஒரு சின்ன போர்டைக் கொடுத்தார். மெக்கானிக் மனம் குளிர்ந்துபோனார். ஞாயிறு பதினோரு மணிக்கு, சூடு, காற்று, தீனி மூன்றும் அந்த அம்மாளின் போனுக்குப் போகிற மாதிரி அமைத்தார். ஆபத்து என்றால் எந்த நாளும் செய்தி போகும். சூடு குறைந்தால் அங்கிருந்தே 'ஒன்று' என்று பதில் போட்டு ஹீட்டரைப் போடலாம். நாலு திருகும் போட்டு மூடினார். ஒன்றுகூட மிச்சமில்லை.

அந்த ஞாயிறு சவரத்தோடு புதுச் சட்டையும் போட்டுக்கொண்டார். பதினோரு மணிக்குப் பச்சை விளக்கு மின்னி, செய்தி போனது. போன் அடிக்கவில்லை. பன்னிரண்டுக்கும் அடிக்கவில்லை. திங்கட்கிழமை மச்சினர் வந்தார்.

"அக்காவுக்கு ரொம்ப சந்தோஷம் மாமா. எல்லாருக்கும் காட்டினா. இப்பதான் நிம்மதியா இருக்கு, இனிமே அவரைத் தொந்தரவு பண்ண வேண்டியதில்லைன்னா."

மெக்கானிக் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு கேள்விதான் கேப்பா. அந்த மூணுக்கும் மிஷின் வச்சுட்டீங்க. சொந்த செலவுல சூனியம்னா இதுதான் மாமா."

பெட்டி கெடும் என்று அவர் காத்திருந்தார். அவர் வாழ்நாளில் செய்தவற்றில் கெடாதது அது ஒன்றுதான். ஐந்து ஞாயிறு போயிற்று. இடையில் தெரு முழுக்க மின்சாரம் போன நாளில்கூட, உள்ளே வைத்திருந்த பேட்டரியில் ஓடி, கவலை வேண்டாம் என்று சொல்லியனுப்பியது.

ஆறாவது ஞாயிறு பதினோரு மணிக்குச் சில நிமிடம் இருக்கையில் சென்சாரைத் தொட்டியிலிருந்து எடுத்து, ஐஸ் போட்ட தம்ளரில் விட்டார். சூடு நாலு டிகிரி, ஆபத்து என்று பெட்டி அலறிச் செய்தி அனுப்பியது. போனைக் கையில் எடுத்துக்கொண்டு, சிக்னல் நன்றாகக் கிடைக்கிற பால்கனிக்குப் போய் நின்றார். உள்ளே ரிலே டக்கென்று ஒரு சத்தம் போட்டது. அது அவர் காதில் விழவில்லை. அவர் காது முழுக்கக் கையில் இருந்தது.

அந்த அம்மாள் கூப்பிடவில்லை. அங்கிருந்தே 'ஒன்று' போட்டார். பெட்டி, ஆகட்டும் என்று பதில் சொன்னது. கால் மணிக்கொரு தரம் இப்படியே, நாலு டிகிரி என்று இது சொல்ல, ஒன்று என்று அவர் போட, ஒன்றரை மணி நேரம் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டரைக்கு மெக்கானிக்கின் போன் அடித்தது.

"ஏங்க, ஹீட்டரைப் போட்டுக்கிட்டே இருக்கேன், இன்னும் நாலு டிகிரின்னே வருதே?"

"நீதானா," என்றார். "நல்லா இருக்கியா?"

"தொட்டியைப் போய்ப் பாருங்க."

போனைக் காதில் வைத்தபடியே சிரித்த முகமாக உள்ளே போனார். கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. கையால் துடைத்தார். மேனேஜர் மேலே மிதந்தது. பக்கவாட்டில் ஒட்டியிருந்த பழைய வெப்பமானியில் நாற்பது. பிளக்கைப் பிடுங்கினார். வெந்நீராகிவிட்ட தொட்டிக்குள் கையை விட்டு, அதைத் தூக்கிப் பார்த்து, திரும்பவும் விட்டார்.

"பெட்டி தப்பா சொல்லுதா?"

"பெட்டி சரியாத்தான் சொல்லுது. சென்சாரை எடுத்து ஐஸ் தண்ணில போட்டேன்."

"எதுக்கு?"

"நீ கூப்பிடுவேன்னு."

அந்தப் பக்கம் பூனை கத்துவது கேட்டது. யாரோ அதை விரட்டினார்கள்.

"மேனேஜர்?"

நாற்பது டிகிரி என்று சொன்னார். அதற்கு மேல் அந்த அம்மாள் கேட்கவில்லை. அழவும் இல்லை.

"அந்த வீட்டுல நீங்க கை வைக்காதது அது ஒண்ணுதான். அதான் பதினோரு வருஷம் இருந்துச்சு. சரி, வைக்கிறேன்."

மொத்தம் இரண்டு நிமிடம்.

மாலை மச்சினர் வந்து மீனைப் பையில் போட்டு எடுத்துப்போனார். வாசலில் நின்று, பெட்டியை அணைத்துவிடுங்கள் மாமா என்றார். அணைக்கிறேன் என்றார் மெக்கானிக். அவர் போனதும் சென்சாரைத் தொட்டிக்குள் விட்டுப் பிளக்கை மறுபடி மாட்டினார்.

அது இன்னும் ஓடுகிறது. ஞாயிறு தவறாமல், சூடு இருபத்தாறு, காற்று சரி, தீனி விழுந்தது என்று செய்தி போகிறது. பச்சை விளக்கு மின்னினால் போய்விட்டது என்று அர்த்தம். போன இடத்தில் அதை யாராவது படிக்கிறார்களா என்று காட்ட ஒரு விளக்கு பொருத்த முடியுமா என்று மெக்கானிக் கடைக்காரரைப் போய்க் கேட்டார்.

கடைக்காரர் உள்ளே போய் இரண்டு மூன்று டப்பாக்களைக் கிளறிப் பார்த்துவிட்டு வந்தார்.

"அதுக்கு பார்ட் கிடையாது சார்," என்றார்.