சர்க்கரை உருகாத வியாழக்கிழமை

2006ஆம் வருடம் ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி, வியாழக்கிழமை, காரைக்காலில் மட்டும் பதினோரு நாள் நீடித்தது. வடக்கே நண்டலாறு தாண்டினால் வெள்ளி, சனி, ஞாயிறு என்று முறைப்படி வந்து போய்க்கொண்டிருந்தன. தெற்கே வாஞ்சூர் தாண்டினாலும் அப்படித்தான். நடுவில் இருக்கிற காரைக்காலில் மணி ஐந்து பத்து, மாலை வெயில், மேற்கே ஒரு தென்னை உயரத்தில் சூரியன். புதுச்சேரியைச் சேர்ந்ததால் பெட்ரோலுக்கு ஒரு விலை, பிராந்திக்கு ஒரு விலை என்று எல்லைக்கு இந்தப் பக்கம் தனியாகவே இருந்து பழகிய ஊர், கிழமையும் தனியாகப் போனதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காரணம் விசாரித்து வந்தவர்களுக்கு ஷரீபுன்னிசாவின் சமையற்கட்டைக் காட்டினார்கள். அங்கே அடுப்பில் இரண்டு கிலோ கடலை இருந்தது.

ஷரீபுன்னிசாவின் கணவர் ஜெகபர் அலி ஷார்ஜாவில் ஒரு டயர் கடையில் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் நாற்பது நாள் லீவு. பதினெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் ஒன்பது தடவை வந்திருக்கிறார். அந்த நாட்களையெல்லாம் கூட்டினால் ஒரு வருடத்துக்கு ஐந்து நாள் குறைகிறது என்று ஷரீபுன்னிசா மனக்கணக்காகவே கண்டுபிடித்து வைத்திருந்தாள். மகள் ஹஃப்ஸா திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தாள். வீட்டில் இவள் ஒருத்தி, ஒரு பிரிட்ஜ், அவர் அனுப்பிய மூன்று மிக்சி. ஒவ்வொரு தடவையும் அவர் கிளம்பும்போது போகாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு நெஞ்சு முட்டியிருக்கிறது. சொன்னதில்லை. பயணம் கிளம்புகிறவரிடம் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்பது அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் சட்டம். சொன்னால் வழியில் என்ன ஆகுமோ என்ற பயம். ஆகவே, சொல்ல வேண்டியதை விழுங்கிவிட்டு, பயணத்துக்கு முந்தின நாள் கடலை செய்வாள். ஷார்ஜாவில் அவரோடு ஒரே அறையில் படுக்கும் எட்டுப் பேரும் அந்தக் கடலைக்காகத்தான் அவரைச் சீக்கிரம் திரும்பி வரச் சொல்வார்கள் என்று கேள்வி.

செய்முறையில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. பச்சை வேர்க்கடலை, அதில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சர்க்கரை, சர்க்கரை நனைகிற அளவு தண்ணீர். எல்லாவற்றையும் இருப்புச்சட்டியில் போட்டுச் சின்னத் தீயில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பாகு கொதிக்கும், இறுகும், பிறகு திடீரென்று வெளுத்துப்போய் மணல் மாதிரி உதிரும். அவசரக்காரிகள் அந்த இடத்தில் எல்லாம் கெட்டுப்போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டு இறக்கிவிடுவார்கள். கெட்டுப்போகவில்லை. விடாமல் கிண்டினால் அந்த மணலே மறுபடி உருகி, கடலை மேல் ஏறி, பழுப்பாகப் பளபளக்கும். ஷரீபுன்னிசா கையில் மட்டும் ஒரு விசேஷம் இருந்தது. சர்க்கரை மணலாக இருக்கிற நேரம் முழுவதும் பொழுது நகராது. முதல் தடவை அரைக் கிலோ செய்தபோது சூரியன் மறைகிற மஃரிபு நேரம் நான்கு நிமிடம் தாமதமாக வந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் தன் கைக்கடிகாரம் வேகமாக ஓடுகிறது என்று ரிப்பேருக்குக் கொடுத்தார். அடுத்த லீவில் ஒரு கிலோ போட்டாள், இருபது நிமிடம் கிடைத்தது. தீயைக் கூட்டினால் உருகிவிடும், கரண்டியை நிறுத்தினால் பொழுது ஓடிவிடும், இரண்டும் செய்யாதவரை அந்த நாள் அந்த நாள்தான் என்று கண்டுகொண்டாள். ஒன்பதாவது லீவு முடிகிற அந்த வியாழக்கிழமை இரண்டு கிலோ கடலையைக் கொட்டி, தீயைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைத்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். மறுநாள் இரவு திருச்சியில் விமானம். மறுநாள் வந்தால்தானே?

முதலில் சந்தோஷப்பட்டவர்கள் டீக்கடைக்காரர்கள். ஐந்து பத்து என்பது பஜ்ஜிக்கான நேரம். யாருக்கும் தூக்கம் வரவில்லை, யாருக்கும் சோறு இறங்கவில்லை, ஆனால் ஊர் முழுக்க டீக்கும் வாழைக்காய் பஜ்ஜிக்கும் பதினோரு நாள் ஓயாத பசி. வெளியூர்க்காரர்களும் வந்து குவிந்தார்கள். பரீட்சைக்குப் படிக்காதவர்கள் நாகூரிலிருந்து புத்தகத்தோடு பஸ் ஏறினார்கள். கெடு தேதியைத் தவறவிட்டவர்கள் மனுவோடு வந்து, இன்னும் தேதி தாண்டவில்லை என்று கொடுத்துவிட்டுப் போனார்கள். எல்லையை ஒட்டிய ஒரு வீட்டில் வாசல் வியாழனாகவும் கொல்லை சனியாகவும் இருந்ததால், அந்த வீட்டம்மாள் சனிக்கிழமை துவைத்ததை வியாழக்கிழமை வெயிலில் காயப்போட்டாள்.

கோவில்பத்து குஞ்சிதபாதத்தின் பாடுதான் பாவம். முப்பத்தாறு வருடம் குமாஸ்தா வேலை பார்த்து அன்றைக்குத்தான் ஓய்வு பெறுகிறார். நான்கு மணிக்கு மாலை போட்டு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஐந்து பத்துக்குப் பாராட்டுரை நடந்துகொண்டிருந்தது. மணி ஐந்தரை ஆகாமல் ஓய்வு பெற முடியாது, ஓய்வு பெறாமல் கூட்டம் கலைய முடியாது. முதல் சுற்றில் எல்லோரும் புகழ்ந்தார்கள். இரண்டாவது சுற்றில் புகழ்ந்ததையே புகழ்ந்தார்கள். மூன்றாவது சுற்றில் வேறு விஷயம் கிடைக்காமல் உண்மையைப் பேச ஆரம்பித்தார்கள். குஞ்சிதபாதம் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, எழுந்து, ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். அந்த அலுவலகத்தில் முப்பத்தாறு வருடமாக யாரும் அவ்வளவு மனம் விட்டுப் பேசியதில்லை என்று பிறகு சொன்னார்கள்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. ஷரீபுன்னிசாவுக்கு ஆதரவாக ஒரு கட்சியும் எதிராக ஒரு கட்சியும் சேர்ந்தன. ஆதரவுக்குத் தலைமை காரைக்கால்மேட்டுப் பவுனம்மாள். அவள் அந்தத் தெருவில் இருபது வருடமாக மீன் விற்கிறவள். வெள்ளிக்கிழமை வந்தால் பாதி ஊர் மீன் பக்கம் தலைவைத்துப் படுக்காது. வராத வெள்ளிக்கிழமை அவளுக்கு வரப்பிரசாதம். போதாததற்கு, கடலுக்குள் போன படகுகள் ஞாயிற்றுக்கிழமை மீனைக் கொண்டுவந்து வியாழக்கிழமையில் இறக்கின, அது கெடவும் இல்லை. ஷரீபுன்னிசா வீட்டு சிலிண்டர் தீரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் பவுனம்மாள் தன் வீட்டு சிலிண்டரை மீன் கூடைகளுக்கு நடுவே ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். கேஸ் கம்பெனியில் கேட்டதற்கு, போன பதிவு இன்றைக்குக் காலையில்தானே, இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லையே என்று கையை விரித்திருந்தார்கள். சிலிண்டர் மாற்றிய இரண்டு நிமிடமும் சட்டியின் சூட்டிலேயே கரண்டி ஓடியது. சூரியன் நடுங்கிக்கொண்டே நின்றது.

எதிர்க்கட்சிக்கு ஆள் சேக் அலாவுதீன். அவனுக்கு வெள்ளிக்கிழமை நிக்காஹ். முடி வெட்டி, சட்டை தைத்து, எல்லாம் தயார். பிரியாணிக்கென்று வாங்கிக் கட்டிய ஆறு ஆடுகள் முருங்கை, பூவரசு என்று தெருவையே மொட்டையடித்துக் கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்துவிட்டன. அவன் நான்கு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு சமையற்கட்டு வாசலில் வந்து நின்றான். பெரியவர்கள் தொண்டையைக் கனைத்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், பெண்பிள்ளையிடம் அடுப்பை அணை என்று எந்த வாயால் சொல்வது என்று தெரியாமல் நின்றார்கள். கடைசியில் அவனே கேட்டான்.

“எறக்கிடுங்க லாத்தா. எனக்கு வயசாகுது.”

“இன்னும் உருகலை தம்பி,” என்றாள் அவள், திரும்பாமலேயே. அதில் பொய் எதுவும் இல்லாததால் அவர்கள் போய்விட்டார்கள்.

திரும்பவில்லை என்பதுதான் விஷயம். அவளால் திரும்ப முடியாது. கணவரோடு இருக்க ஆசைப்பட்டு ஒரு நாளைப் பிடித்து நிறுத்தினாள். நிறுத்திய நாள் முழுவதும் அவள் அடுப்பைப் பார்த்து நின்றாள், அவர் கூடத்தில் பெட்டியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு சுவர், ஒரு மணி பிளான்ட். அவர் பேப்பரை எடுத்துப் பார்ப்பதும் அதே வியாழக்கிழமைப் பேப்பர் என்று கீழே வைப்பதும் அவளுக்குக் காதில் விழும். கொஞ்ச நேரம் பவுனம்மாளிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டுக் கூடத்துக்குப் போய்ப் பார்த்தாள். பவுனம்மாள் கைக்குப் பொழுது கட்டுப்படவில்லை, சூரியன் ஒரு முழம் சறுக்கியது, கடற்கரையில் இருந்தவர்கள் ஓவென்று கத்தினார்கள். ஓடிவந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள். அப்போது அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே கிண்டினாள்.

“இதுக்கு நீ அவரையே போய்ட்டு வரச் சொல்லிருக்கலாம் பாயம்மா,” என்று சொல்லிவிட்டுப் பவுனம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

இதற்குள் வெளியே நாட்கள் ஓடிவிட்டன. விமான நிலையத்தில் வாப்பாவை வழியனுப்பக் காத்திருந்த ஹஃப்ஸா, ஆள் வராததைப் பார்த்துப் போன் செய்தாள். நாளைக்கு வர்றேன்மா என்றார் ஜெகபர் அலி. அவரைப் பொறுத்தவரை அது சரிதான். வெளியே திங்கட்கிழமையானபோது ஷார்ஜாவிலிருந்து முதலாளி கூப்பிட்டார். இன்னைக்கு வியாழந்தானே, டிக்கெட்டு நாளைக்குத்தானே என்றார் இவர். முதலாளி தன் காலண்டரைப் பார்த்தார், இவர் சொன்னதைக் கொஞ்சம் யோசித்தார், வேறு ஆளை எடுத்துக்கொண்டார். ஜெகபர் அலி போனை அணைத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

பதினோராவது நாள் என்று எல்லைக்கு வடக்கே பொறையாறில் சொன்ன ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் எழுந்து சமையற்கட்டுக்கு வந்து அரிசி டின் மேல் உட்கார்ந்தார். அவள் முதுகைப் பார்த்துப் பேசினார்.

“வேலை போயிடுச்சு ஷரீபா. போயி ஒரு வாரமாச்சு,” என்றார். “என்னை அனுப்பி வைக்க நீ இம்புட்டு ஆசையாக் கடலை வறுத்துக்கிட்டு நிக்கிற. நான் போகலைன்னு எப்புடிப் புள்ள சொல்றது? அதான் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

கரண்டி நிற்கவில்லை. ஆனால் மெதுவாகியது.

“அனுப்பவா?” என்றாள் ஷரீபுன்னிசா. “போகாதீங்கன்னு சொல்ல எனக்குப் பதினெட்டு வருஷமா வாய் வரலைங்க. அதைத்தான் கையால சொல்லிக்கிட்டு நிக்கிறேன்.”

ஜெகபர் அலிக்கு அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. டயர் கடையில் இருந்தவர். புரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப இந்தப் பக்கம் திரும்பு,” என்றார்.

திரும்பினாள். கரண்டி நின்றது. சூரியன் கல் விழுகிற வேகத்தில் விழுந்தது. மோதினார் பாங்கு சொல்ல ஓடினார், குஞ்சிதபாதம் ஓய்வு பெற்றார், டீக்கடைகளில் எண்ணெய்ச் சட்டிகள் இறங்கின, பதினோரு நாள் தூக்கமும் ஒரே சமயத்தில் வந்து ஊர் நின்ற இடத்திலேயே சாய்ந்தது. சட்டியில் சர்க்கரை உருகி, கடலை மேல் ஏறி, தேன் நிறத்தில் மின்னியது. இருவரும் சூட்டோடு சூடாக ஊதி ஊதித் தின்றார்கள்.

விடிந்தபோது எல்லைக்கு இரண்டு பக்கமும் திங்கட்கிழமை. நடுவில் போன இரண்டு வெள்ளிக்கிழமையும் காரைக்காலுக்கு வரவேயில்லை. சேக் அலாவுதீனின் நிக்காஹ் திங்கட்கிழமை நடந்தது, இலைக்கு இரண்டு துண்டு கறி கூடுதலாக விழுந்ததில் யாரும் கிழமையைப் பற்றிக் கேட்கவில்லை. ஜெகபர் அலி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பஞ்சர் கடை போட்டார். மூன்றாவது மாதமே, இந்த மனுசன் டப்பா மூடியெல்லாம் மாத்தி மாத்தி வைக்கிறாரு என்று ஷரீபுன்னிசா தெருவெல்லாம் புகார் சொல்லிக்கொண்டு திரிந்தாள். சொல்லும்போது சிரிப்பை அடக்க அவளால் முடியவில்லை.

செய்முறை தெருத் தெருவாகப் பரவியது. துபாய், குவைத், சவூதி என்று ஆள் போகிற வீடுகளில் முந்தின நாள் சாயங்காலம் பெண்கள் சட்டியை ஏற்றுகிறார்கள். விழுங்கின சொல்லைக் கையில் வைத்துக் கிண்டுவதால், அவரவர் கைக்கு ஏற்றபடி பொழுது கிடைக்கிறது. ஒருத்திக்குப் பத்து நிமிடம், இன்னொருத்திக்கு அரை மணி. பொறையாறிலிருந்து வரும் பஸ், நண்டலாறு தாண்டியதும் வெயிலுக்குள் நுழைகிறது. நாளைக்கு யாரோ பயணம் போலிருக்கிறது என்று டிரைவர் ஹெட்லைட்டை அணைத்துவிட்டு ஓட்டுகிறார்.