ஜாடியில் காய்ந்த மண்

வைஸ்வாவை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஒன்பது வருஷப் பழக்கம். உகாண்டாவில் எங்கள் இகாங்கா ஊர்ப் பக்கம் எந்தப் பெட்ரோல் பங்கில் டேங்க் ஒழுகினாலும் அவர் மண்ணைத் துளைப்பார், நான் அள்ளிக் கண்ணாடி ஜாடியில் அடைப்பேன். ஜாடியில் காற்றுக்கு இடம் விடக்கூடாது. விட்டால் பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும், சோதனையில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் மூடி மேல் என் கையெழுத்துப் போட்ட சீட்டை ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கம்பாலா லேபுக்கு அனுப்புவோம்.

ஈரக்கையில் சீட்டு கிழிந்துவிடும் என்று பத்துப் பன்னிரண்டு சீட்டுகளில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுப் பெட்டியில் வைத்திருப்பேன். கூடாதுதான். ஆனால் இந்த வேலையில் இருக்கிற எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம்.

சதுப்பு ஓரத்தில் மூடிக்கிடந்த பங்கில் துளைத்தபோது, ஆள் ஆழத்தில் வந்த கறுப்புக் களிமண்ணின் நெடி என் கண்ணில் நீர் வரவைத்தது. முப்பது அடி தள்ளி முத்தேசியின் கிணறு. அவள் நாற்றம் தாங்காமல் ஒரு மாதமாகத் தூரத்துக் குழாயிலிருந்து கேன் சுமந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா ககோயா, என் மூக்கு சொல்லுது, இது பெட்ரோல்தான்."

"மூக்க நம்பாதீங்கக்கா. பேப்பர் வரட்டும். என் கையெழுத்துல போற மண்ணு பொய் சொல்லாது."

எவ்வளவு வாய் எனக்கு!

அன்று மதியம் எங்கள் குலத்தில் ஒரு சாவு. அடக்கத்துக்குப் போகாவிட்டால் நாளைக்கு என் சாவுக்கு யாரும் வரமாட்டார்கள். வைஸ்வாதான் அவசரப்படுத்தினார்.

"நீ கெளம்பு தங்கச்சி. பெட்டிய நான் கொண்டு சேத்துடறேன். நான் இருக்கேன்ல?"

லேப் அறிக்கை நேராக நகரசபைக்குப் போகும், எங்களுக்கு வராது. அது போய்ச் சேர்ந்து இரண்டு வாரம் கழித்து அங்கே வேறு வேலையாகப் போனபோதுதான் பார்த்தேன். எரிபொருள் இல்லை என்று போட்டிருந்தது. கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம் என்று முத்தேசியிடம் அன்றைக்கே சொல்லிவிட்டார்களாம்.

லேபுக்குப் போன் போட்டேன். அங்கே மண்ணைச் சோதிக்கிற பெண் சிரித்தாள்.

"என்னக்கா, நிலக்கடலை மாதிரி வெயில்ல காயவெச்சா அனுப்பினீங்க? மண்ணு பொலபொலன்னு இருந்துச்சே. சீல் சரியா இருந்துச்சு, உங்க கையெழுத்து. சோதிச்சுட்டோம்."

சதுப்புக் களிமண் மூடிய ஜாடிக்குள் காயாது. யாரோ திறந்து, கொட்டி, உலர்த்தி, மறுபடி அடைத்துப் புதுச் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். அந்த யாரோ எனக்குத் தெரிந்தவர்தான். தெரிந்துகொள்ளத்தான் மனசு வரவில்லை.

வைஸ்வா தன் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் மறுக்கக்கூட இல்லை.

"பங்க்காரர் யாருன்னு நெனச்ச? பொண்ணு வீட்டுல எனக்காக முன்ன நின்னு பேசினவரு. அவரு இல்லேன்னா எனக்குப் பொண்டாட்டி ஏது? அவரு கேட்டா நான் எப்படி மாட்டேன்னு சொல்றது?"

"என் கையெழுத்தையா அண்ணே கொடுத்தீங்க?"

"உன்ன யாரு சந்தேகப்படுவா? உன் பேருக்கு அவ்வளவு மதிப்பு."

அதைப் பாராட்டாகவே சொன்னார். என்னைத் துக்க வீட்டுக்கு அனுப்பிவிட்டு என் பேரையே வெயிலில் காயப்போட்ட மனிதர், இன்னும் என்னைத் தங்கச்சி என்கிறார். முகத்தில் காறித் துப்பலாம் என்று வந்தது. துப்பவில்லை. அதற்கு இப்போதும் வருத்தப்படுகிறேன்.

நேரே முத்தேசியிடம் ஓடினேன். கிணற்றடியில் மஞ்சள் கேனை நிரப்பிக்கொண்டிருந்தாள். குடிக்காதீர்கள், பேப்பர் பொய், சீட்டுகளில் முன்னாலேயே கையெழுத்துப் போட்டு வைத்தது நான்தான் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். இதையே நகரசபையில் எழுதிக் கொடுக்கிறேன், வேலை போனால் போகட்டும் என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. கேனைக் கவிழ்த்தாள். தண்ணீர் முழுவதும் மண்ணில் இறங்கும்வரை நின்று பார்த்தாள்.

"இதக் கொட்டிட்டேன்" என்றாள். "ரெண்டு வாரமா என் புள்ளைங்க வயித்துக்குள்ள போனத எங்க கொட்டுறது, ககோயா?"